சீனிவாசராகவன் பேசுகிறேன்

"அடுத்து என்ன பண்ணப் போற?" என்று எவனாவது கேட்டால் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிடும். தொண்ணூற்றெட்டில், பெங்களூர் மர்பி டவுனில் என்னைப் பார்த்து அதைக் கேட்காத ஆளே கிடையாது. இஸ்திரி போடுகிறவர் கேட்டார். கோழிக்கடைக்காரர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். அம்மா வேலை செய்த கார்மெண்ட்ஸ் சூப்பர்வைசருக்குக்கூட என் எதிர்காலத்தில் அப்படி ஓர் அக்கறை. "உங்க வேலையப் பாத்துக்கினு போங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகு அதே கேள்வியை நானே கேட்டுப் பார்ப்பேன். பதில் ஒன்றும் வராது.

என் கூட்டாளிகள் மூன்று பேரிடமும் பதில் இருந்தது. எதிர்வீட்டு ரெமிஜியஸுக்கு அமெரிக்கா. பார்கவிக்கு, தொம்மலூரில் அவள் அத்தைமார்கள் கல்யாணப் பேச்சை எடுப்பதற்குள் ஒரு நல்ல வேலை. ஷங்கருக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் தொங்க ஓர் அடையாள அட்டை. நாலு பேரும் ஹலசூரில் ஒரே கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்தோம். மூன்று பேர் முடித்தார்கள். நான் நாலாவது மாதம் வாத்தியாரோடு சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தேன். சண்டைக்கு என்ன காரணம் என்று இப்போது நினைவில்லை. நியாயம் என் பக்கம் இருந்தது, அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கோர்ஸ் முடித்தவர்களுக்கும் வேலை லேசில் கிடைக்கவில்லை. எங்கே போனாலும் ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா என்றுதான் முதல் கேள்வி. வேலை கொடுத்தால்தானே எக்ஸ்பீரியன்ஸ் வரும் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்கள். எட்டு மாதம் இப்படி அலைந்த பிறகு ஒரு நாள் ஷங்கர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னான். பெங்களூர் வழக்கப்படி அவனுக்கு எல்லோருமே 'குரு'தான்.

"ஊர்ல பாதிப் பேர் என்ன பண்றான் தெரியுமா குரு? கம்பெனியே இல்லாம எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் அடிச்சுக்கறான். நம்மளே ஒரு கம்பெனி வெச்சா என்ன?"

ரெமிஜியஸ், பார்கவி, ஷங்கர், மூன்று பெயரிலும் முதல் எழுத்தை எடுத்து 'ரெபாஷா சிஸ்டம்ஸ்' என்று வைத்தார்கள். ஜப்பான்காரன் கம்பெனி மாதிரி இருக்கிறது என்று மூவருக்கும் ஒரே குஷி. அதில் என் பெயரின் எழுத்து இல்லை. எனக்கு எதற்கு, நான் எங்கேயும் வேலை தேடவில்லையே. ஆனால் என் வீட்டில்தான் டெலிஃபோன் இருந்தது. செத்துப்போன அப்பா டெலிஃபோன் டிபார்ட்மெண்டில் லைன்மேன். அவர் எங்களுக்கு விட்டுப்போன ஒரே சொத்து கூடத்து மூலையில் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டிதான். அந்த நம்பர் லெட்டர்ஹெட்டில் ஏறியது. கம்பெனிக்காரர்கள் விசாரிக்கக் கூப்பிட்டால் பேச ஒரு மேனேஜர் வேண்டுமே. மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

கௌதமபுரா மைதானத்தில் ஃபுட்பால் மேட்ச் நடந்தால் மைக் என் கையில்தான் இருக்கும். தமிழ், கன்னடம், இங்கிலீஷ், மூன்றிலும் வெளுத்துக்கட்டுவேன். குரல் கணீரென்று இருக்கும், வயதைக் காட்டிக்கொடுக்காது.

"பேர் என்ன வெக்கலாம்?" என்றாள் பார்கவி.

"என் பேரே, அர்ஜுனன்னே இருக்கட்டுமே" என்றேன்.

ரெமிஜியஸ் சங்கடமாகச் சிரித்தான். "தப்பா நெனைக்காத மச்சா. மேனேஜர் பேரு மேனேஜர் மாதிரி இருக்கணும். சீனிவாசராகவன். சொல்லிப் பாரு, எப்படி வெயிட்டா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் சொல்லிப் பார்த்தேன். வெயிட்டாகத்தான் இருந்தது.

முதல் ஃபோன் வந்த அன்று பார்கவியைப் பற்றி ஒரு பெண் விசாரித்தாள். "யெஸ், சீனிவாசராகவன் ஹியர்" என்று ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு எங்கிருந்துதான் வந்ததோ, மடமடவென்று கொட்டியது. பார்கவி எந்த ப்ராஜெக்டில் இருந்தாள், எப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸுக்கு வந்து ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள், அவளை விடுவதற்கு எனக்கு எவ்வளவு வருத்தம். கடைசியில் அந்தப் பெண்ணே, "உங்க மாதிரி மேனேஜர் கிடைக்க குடுத்து வெச்சிருக்கணும் சார்" என்றாள். பார்கவிக்கு அடுத்த வாரம் வேலை கிடைத்தது. பிறகு ஷங்கருக்கு, அவன் கேட்ட அதே எலெக்ட்ரானிக் சிட்டியில். பிறகு ரெமிஜியஸுக்கு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்துப்போயிற்று. அம்மா வேலைக்குக் கிளம்பியதும் குளித்து, சட்டையை பேண்டுக்குள் விட்டு, பத்து மணிக்கு டெலிஃபோன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். யார் பார்க்கப்போகிறார்கள்? யாருமில்லை. ஆனாலும் லுங்கியோடு உட்கார்ந்தால் சீனிவாசராகவன் வரமாட்டார். ஷங்கரின் நண்பன், அந்த நண்பனின் தங்கை, அவள் கூடப் படித்தவன் என்று வந்துகொண்டே இருந்தார்கள். காசு கொடுக்க வந்தால் திட்டி அனுப்பினேன். ஒன்றரை வருஷத்தில் பதினாறு பேர் என் வாயால் வேலைக்குப் போனார்கள். இஸ்திரிக்காரர் இப்போது கேட்டால், "ஃபோன்ல ஒரு வேலை" என்றேன், தலையை நிமிர்த்தியே சொன்னேன். நாலு பேருக்கு வழி திறந்துவிடுகிறவன் நான், அதற்காகத்தான் பிறந்திருக்கிறேன் என்று மனதார நம்பினேன்.

டொமினிக்கை ஷங்கர்தான் அனுப்பினான். ரெண்டாயிரமாவது வருஷம், ஜனவரிக் கடைசி. அவன் கம்பெனியில் ஆட்களை ஏற்றிவரும் வண்டிகளுக்கு டிரைவர் எடுக்கிறார்கள், ரெண்டு வருஷம் ஒரே இடத்தில் ஓட்டிய லெட்டர் வேண்டும், பாவப்பட்ட மனுஷன், நம்ம லெட்டர்ஹெட்டிலேயே ஒன்று அடித்துக் கொடு என்றான். டொமினிக் நேரில் வந்தார். நாற்பது வயதிருக்கும். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர் என்னை வார்த்தைக்கு வார்த்தை சார் என்றார்.

"வண்டி நல்லா ஓட்டுவீங்களா?"

"பன்னெண்டு வருஷமா ஓட்றேன் சார்."

"அப்ப லெட்டர் அவங்களே குடுப்பாங்களே."

"முன்னால இருந்த எடத்துல குடுக்கமாட்டேனுட்டாங்க சார்" என்று தரையைப் பார்த்தார்.

ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. வாத்தியாரிடம் ஆயிரம் ஏன் கேட்டுச் சண்டை போட்டவன் நான். அன்றைக்கு என்னமோ, பெரிய மனுஷன் மாதிரி கையை உயர்த்தி, "பரவால்ல விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். ரெண்டு நாளில் ஷங்கர் கம்பெனியிலிருந்து வண்டிகளைப் பார்த்துக்கொள்பவர் கூப்பிட்டார். டொமினிக் ஓட்டிய ரெண்டு வருஷத்தில் எங்கள் வண்டியில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று சொன்னேன். அடுத்த நாளே எடுத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, பதினொரு மணி சுமாருக்கு ஃபோன் அடித்தது.

"சீனிவாசராகவன் பேசறேன்."

"சார்... நான் டொமினிக் வூட்டுக்காரி பேசறேன் சார். லெட்டர்ல நம்பர் இருந்துச்சு. பூத்துலேர்ந்து பேசறேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "சார், உங்ககிட்ட ரெண்டு வருஷம் ஓட்டினாரே, அப்ப எப்படி சார் சமாளிச்சீங்க?"

"எதை?"

"வலிப்பு சார். சனிக்கெழம மறுபடியும் வந்திடுச்சு. நாக்கெல்லாம் கடிச்சிக்கினு வந்தாரு. மாத்திரை தின்னா தூக்கம் வருதுன்னு திங்கவே மாட்டேங்கறாரு. இன்னிக்கும் விடிகாலைல வண்டி எடுக்கக் கெளம்பிட்டாரு. கூட ஏறி வர்றவங்க யார் பெத்த புள்ளைங்களோ."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நீங்க சொன்னா கேப்பாரு சார். உங்களப்பத்தி அப்படி பெருமையா பேசுவாரு. வேற எதுனா வேலை பாக்கச் சொல்லுங்க சார், வாட்ச்மேனோ எதுவோ. வண்டி வேணாம் சார்."

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன். குரல் கணீரென்றுதான் வந்தது. அவள் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். சில்லறை தீர்ந்ததோ என்னவோ, ஃபோன் கட்டாகிவிட்டது. வீடு எங்கே என்றுகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலமே மூன்று பேரையும் வரவழைத்தேன். விஷயத்தைச் சொல்லி, நாளைக் காலையில் ஷங்கர் கம்பெனிக்கு நான் கூப்பிட்டு லெட்டர் பொய், அந்த ஆளை நிறுத்துங்கள் என்று சொல்லப்போகிறேன் என்றேன். ரெமிஜியஸ் எழுந்து வந்து என் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான்.

"மச்சா, வியாழக்கிழம சென்னைல எனக்கு விசா இன்டர்வியூ. என் ஃபைல்ல ரெபாஷா லெட்டர் இருக்கு. அங்கேர்ந்து இந்த நம்பருக்கு எப்ப வேணா ஃபோன் வரும். நீ நாளைக்கு இத ஒடச்சா நான் காலி."

"நீ மட்டுமா? நானும்தான் காலி" என்றான் ஷங்கர். "ஒரு லெட்டர் பொய்னு தெரிஞ்சா அதே லெட்டர்ஹெட்ல வந்தவன் எல்லாத்தையும் தோண்டுவான். பார்கவி, நீயும்தான்."

"ஹொசூர் ரோடுல எட்டுப் பேர ஏத்திக்கினு போறாண்டா! லாரிங்க நடுவுல! வலிப்பு வந்தா என்னாவும், யோசிச்சுப் பாத்தியா?" என்று கத்தினேன்.

"கத்தாத. நான் உள்ள பேசி அவனுக்கு வண்டி குடுக்காம பாத்துக்கறேன். வியாழன் வரைக்கும் பொறு" என்றான் ஷங்கர்.

நான் பார்கவியைப் பார்த்தேன். அவள் ஒருத்தி என் பக்கம் நின்றிருந்தால் போதும், அந்த நிமிஷமே ஃபோனை எடுத்திருப்பேன். அவள் ஹேண்ட்பேகின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். "மூணு நாள்தானே அர்ஜுனா" என்றாள் கடைசியில். "நீ இல்லாம நாங்க யாருமே இல்ல. எங்களுக்காக."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. நீ இல்லாமல் நாங்கள் இல்லை என்று அதற்கு முன்னால் யாரும் என்னிடம் சொன்னதில்லை. சரி என்றேன்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. இந்நேரம் டொமினிக் வண்டியை எடுத்திருப்பார் என்று நினைத்ததும் படுக்கை கொள்ளவில்லை. இப்போது முதல் ஆள் ஏறியிருப்பான், இப்போது சில்க் போர்டு, இப்போது பொம்மனஹள்ளி என்று கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன். ஹலசூர் பக்கம் ஓர் ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு போனது. அது ஹொசூர் ரோட்டுக்கு எந்த வகையிலும் சம்பந்தமில்லாத திசை, ஆனாலும் சத்தம் அடங்கும் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னாடா, பேய் அடிச்சவன் மாதிரி கீற" என்றாள் அம்மா. பேப்பர் வந்ததும் விபத்துச் செய்திகளைத்தான் முதலில் தேடினேன். பன்னர்கட்டா ரோட்டில் ஒரு ஸ்கூட்டர், தும்கூர் ரோட்டில் ஒரு டிராக்டர். அப்பாடா என்று இருந்தது. அடுத்தவன் சாவைப் படித்துவிட்டு அப்பாடா என்கிறேனே, சீ என்றும் இருந்தது.

டொமினிக்கின் மனைவி மறுபடி கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. புதன்கிழமை சென்னையிலிருந்துதான் ஃபோன் வந்தது. ரெமிஜியஸைப் பற்றி ஒரு மரியாதையான ஆண்குரல் பன்னிரண்டு கேள்வி கேட்டது. பன்னிரண்டுக்கும் பிசிறில்லாமல் பதில் சொன்னேன். என் வாழ்நாளிலேயே அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. ஃபோனை வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

வியாழக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு ரெமிஜியஸ் சென்னையிலிருந்து கூப்பிட்டான். "கெடச்சிருச்சு மச்சா! கெடச்சிருச்சு!" என்று எஸ்டிடி பூத்தில் நின்று ஆ ஊ என்று கத்தினான். எனக்குச் சந்தோஷம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஒரு நொடிதான். "வை ஃபோனை" என்று அவனை வெட்டிவிட்டு ஷங்கர் கம்பெனிக்கு நம்பரைச் சுழற்றினேன்.

வண்டிகளைப் பார்த்துக்கொள்பவர் என் குரலைக் கேட்டதும் கண்டுகொண்டார். "சொல்லுங்க சீனிவாசராகவன் சார்."

"டொமினிக்கை வண்டி எடுக்க விடாதீங்க. அந்த ஆளுக்கு வலிப்பு வருது."

"தெரியுமே சார். சனிக்கிழம எங்க பார்க்கிங்லயே விழுந்துட்டான். வம்பே வேணாம்னு அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிட்டோம்."

உடம்பிலிருந்து பாரம் இறங்கியது. நாற்காலியில் சாய்ந்தேன். பிறகுதான் திங்கட்கிழமை அந்த அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. "அனுப்பிட்டீங்கன்னா, திங்கக்கிழம காலைல எந்த வண்டி எடுக்கப் போனாரு?"

"ஏதோ ஸ்கூல் வேன்னு சொன்னான் சார். போறவன் வயித்துல அடிப்பானேன்னு நாங்களும் நல்லவிதமாவே ஒரு லெட்டர் குடுத்து விட்டோம். நீங்க குடுத்தது வேற இருக்கே."

"எந்த ஸ்கூல்?"

"அது தெரியாது சார்."

ஷங்கரைக் கூப்பிட்டேன். "அதான் நம்ம கம்பெனிய விட்டே போய்ட்டானே குரு, பிரச்சன தீர்ந்துது" என்றான். செவ்வாய்க்கிழமையே அவனுக்குத் தெரியுமாம். சொன்னால் எங்கே போனார் என்று கேட்டு நான் ஆட்டம் காட்டுவேன் என்று சொல்லவில்லையாம். டொமினிக்கின் வீடு எங்கே என்று கேட்டேன். டீக்கடையில் பார்த்த பழக்கம்தான், வீடெல்லாம் தெரியாது என்றான். அவனை நான் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்தபோது மணி ஒன்று பத்து.

டெலிஃபோன் டைரக்டரியை எடுத்து ஸ்கூல்கள் இருக்கும் பக்கத்தைப் பிரித்தேன். அம்மாடி, எத்தனை ஸ்கூல் இந்த ஊரில்! முதல் பெயரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சுழற்றினேன். உங்கள் வேன் டிரைவர் பெயர் டொமினிக்கா? இல்லை. டொமினிக் என்று புதிதாக யாராவது? இல்லை. யார் பேசுவது என்று கேட்டால் பழக்கதோஷத்தில் சீனிவாசராகவன் என்றேன். சிலர் வெடுக்கென்று வைத்தார்கள். ஒரு பிரின்சிபால் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார், தாராளமாகக் கூப்பிடுங்கள் என்றேன். சோறு தண்ணி இல்லை. வைப்பதும் சுழற்றுவதுமாக விரல் நுனி சிவந்துபோயிற்று. மூன்றே முக்காலுக்கு ஒரு நம்பரில் யாரும் எடுக்கவில்லை. அடுத்ததைப் பார்க்கக் குனிந்தபோது, கீழே வைத்த ஃபோன் அடித்தது.

"ரெபாஷா சிஸ்டம்ஸா? அப்பாடா, கிடைச்சுதே!" ஒரு பெண் கலகலவென்று தமிழில் பேசினாள். இந்திரா நகர் பக்கத்தில் ஒரு ஸ்கூலின் பெயரைச் சொல்லி, "நான் ஆபீஸ்லேர்ந்து சுப்புலக்ஷ்மி பேசறேன் சார். ஒண்ணரை மணிலேர்ந்து ட்ரை பண்றேன், உங்க லைன் என்கேஜ்டாவே இருக்கே! டொமினிக்னு ஒரு டிரைவர், உங்ககிட்ட இருந்தவராமே. திங்கக்கிழமையே சேந்துட்டாரு. குழந்தைங்களுக்கெல்லாம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஃபைல்ல ஒரு வரி எழுதிக்கணும், அவ்வளவுதான்."

"வேன் எங்க மேடம்?"

"வேனா? மூணு மணிக்கே எடுத்துண்டு போயிட்டாரே. சார், நீங்க சீனிவாசராகவன்தானே?"

"இல்ல" என்றேன். "என் பேரு அர்ஜுனன். ரெபாஷான்னு கம்பெனியே கெடையாது மேடம். அவரு எங்ககிட்ட ஒரு நாள்கூட ஓட்டல. அவருக்கு வலிப்பு வரும். எனக்குத் திங்கக்கிழமையே தெரியும். தெரிஞ்சும் நான்..."

என் பேச்சை அவள் நம்பினாளா, எவனோ பைத்தியக்காரன் என்று நினைத்தாளா என்று எனக்குப் புரியவில்லை. அப்போது அவள் அறையில் வேறொரு ஃபோன் அடிக்கத் தொடங்கியது. "ஒரு நிமிஷம் இருங்கோ" என்று என்னை மேஜைமேல் வைத்தாள். வைத்த சத்தம் கேட்டது. அவள் அந்த ஃபோனை எடுத்ததும், கன்னடத்துக்கு மாறிப் பேசியதும் தெளிவாகக் கேட்டது.

"வேன் இன்னூ பந்தில்வா?" என்றாள். வேன் இன்னும் வரலையா என்று ஏதோ ஒரு பிள்ளையின் வீட்டாரிடம் கேட்டாள்.

அந்த ஃபோனை அவள் கீழே வைத்தாளோ இல்லையோ, உடனே மறுபடியும் அடித்தது.